உறுமுகிற மோட்டாரில் கை வைக்காதீர்கள்!



போன மாதம் பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குச் சங்க வேலையாகப் போயிருந்தேன். கூட்டம் சாயந்திரம் ஆறு மணிக்கு. சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் கோயில் பக்கம் நடந்தேன். கோயிலுக்குப் பின்னால் கிணற்றடியில் ஒரு பழைய பம்பு. பக்கத்தில் இரண்டு பையன்கள். ஒருவன் சுவரில் சுவிட்சைப் போடுகிறான். மோட்டார் 'ம்ம்ம்' என்று உறுமுகிறது, சுற்றவில்லை. மற்றவன் குனிந்து பெல்ட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்து விடுகிறான். மோட்டார் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. தண்ணீர் கொட்டுகிறது.

"எத்தனை நாளா தம்பி இப்படி?" என்று கேட்டேன்.

"ரொம்ப நாளா இப்படித்தாண்ணே. கொஞ்சம் கை குடுத்தா போதும், ஓடிடும்" என்றான்.

இதே வார்த்தையை எங்கள் வீட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தோம். அதற்கு நாங்கள் கொடுத்த விலையை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. அன்றைக்குக் கூட்டத்தில் பேச வைத்திருந்த விஷயத்தைப் பின்னால் தள்ளிவிட்டு முதலில் இதைத்தான் பேசினேன். அங்கே பேசியதை எல்லாரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக் கிரைண்டர்

1992ஆம் வருஷம். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. அப்பாவுக்கு மருந்து அடிக்கிற வேலை. அம்மா பால் வெட்டு. இரண்டு பேர் சம்பளத்திலும் ஐந்து பிள்ளைகளைக் கரையேற்ற முடியாது என்று அம்மா சாயந்திரத்தில் தோசை மாவு அரைத்து லயத்தில் விற்கத் தொடங்கினார். அதற்கு ஒரு கிரைண்டர் வேண்டுமே? கல் ஒருவரிடம் கிடைத்தது. மோட்டார் பட்டணத்துப் பழைய இரும்புக் கடையில் வாங்கியது, அரைக் குதிரைச் சக்தி. அப்பாவின் கூட்டாளி ஒருவர் இரண்டையும் ஒரு பலகையில் போல்ட்டுப் போட்டு முடுக்கி, நடுவில் பெல்ட்டு மாட்டிக் கொடுத்தார். பெல்ட்டுக்கு மூடி கிடையாது. அப்போது அதையெல்லாம் யார் நினைத்தார்கள்?

முதல் வருஷம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு நாள் சுவிட்சைப் போட்டால் உறுமிக்கொண்டு அப்படியே நின்றது. அம்மா பெல்ட்டைக் கையால் இழுத்துப் பார்த்தார். ஓடியது. அதிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. நான் சுவர் சுவிட்சு, அம்மா பெல்ட்டு. "போடுய்யா" என்பார், நான் போடுவேன், அவர் இழுப்பார். இப்படியே பல மாதம்.

தீபாவளிக்கு முதல் வாரம். நிறைய பேர் மாவுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அம்மா பெல்ட்டில் கை வைத்துச் சரி பார்த்துக்கொண்டிருந்தார். 'போடு' என்று அவர் சொல்லவில்லை. சொன்ன மாதிரி எனக்குக் கேட்டது. போட்டுவிட்டேன்.

அன்றைக்கென்று பார்த்து மோட்டார் உறுமவில்லை. யாருடைய கையும் வேண்டாமல் தானாகவே ஓடிவிட்டது. பெல்ட்டு அம்மாவின் விரலைப் புல்லிக்குள் இழுத்துக்கொண்டு போனது. வலது கை ஆள்காட்டி விரல், முதல் கணு வரைக்கும் போய்விட்டது.

பால் வெட்டுகிறவர்களுக்கு அந்த விரலின் அருமை தெரியும். உளியைப் பிடித்து, பட்டையின் கனம் பார்த்து, மரத்துக்குக் காயம் படாமல் இறக்குவது அந்த விரல்தான். மூன்று மாதம் அம்மாவுக்கு வேலை இல்லை. வீட்டில் நடந்த விபத்து. யாரிடம் போய் நஷ்ட ஈடு கேட்பது? திரும்ப வெட்டுக்குப் போனபோது முன்போல் கை ஓடவில்லை. வெயில் ஏறுவதற்குள் நிரையை முடித்தால்தான் பால் இறங்கும். மற்றவர்கள் முடித்துவிட்டு வாளி எடுக்கும்போது அம்மா இன்னும் கடைசி நிரையில் நிற்பார். மாதக் கடைசியில் சம்பளத்தில் அது தெரியும்.

எஞ்சின் தாத்தா

அப்பா மோட்டாரைத் திரும்ப இரும்புக் கடையில் போட்டுவிடலாம் என்றார். அந்த நேரத்தில்தான் எஞ்சின் தாத்தா அம்மாவைப் பார்க்க வந்தார். தோட்டத்து ரப்பர் ஆலையில் எஞ்சின் ரூமில் இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் நாங்கள் வைத்த பெயர் அது.

"மோட்டாரை அஞ்சடிக்குக் கொண்டா தம்பி" என்றார். பிளக்கைப் பிடுங்கச் சொல்லி, அதைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார். பின்பக்க மூடியைக் கழற்றினார். உள்ளே எறும்புகள் செத்துக் கிடந்தன. அதற்கு நடுவில் கட்டை விரல் நீளத்தில் ஒரு தகடு, அதன் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு பொட்டு. கரியாய்க் கறுத்திருந்தது. ஒரு சின்ன அரத்தால் நாலு தேய்ப்பு தேய்த்து, வெள்ளைக் காகிதத்தால் துடைத்து, மூடியைப் போட்டு முடுக்கினார். அரை மணி நேர வேலைகூட இல்லை.

சுவிட்சைப் போட்டதும் மோட்டார் கிளம்பியது. உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். அணைத்ததும் வேகம் குறைந்து நிற்கப் போகும்போது திரும்பவும் ஒரு 'டக்'.

"கேட்டியா? இந்தச் சத்தத்தை மறந்துடாதே" என்றார்.

கையில் கட்டோடு வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "இவ்வளவுதானா மாமா?" என்று மட்டும் கேட்டார். தாத்தா பதில் சொல்லாமல் திருப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஏன் உறுமுகிறது?

தாத்தா எனக்குச் சொல்லிக் கொடுத்ததை, பிறகு நானே படித்தும் பழகியும் தெரிந்துகொண்டதோடு சேர்த்துச் சொல்கிறேன்.

ஆலையில் ஓடுகிற பெரிய மோட்டார்களுக்கு மூன்று லைன் கரண்டு வருகிறது. ஒன்றன் பின் ஒன்றாக மூன்று பேர் தள்ளுகிற மாதிரி. அது தானாகவே கிளம்பும். நம் வீட்டுக்கு வருவது ஒரு லைன் கரண்டு. அது மோட்டாரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரிசமமாகத் தள்ளும். அதனால் நின்ற இடத்திலேயே நடுங்கி உறுமுமே தவிர, கிளம்பாது. சைக்கிளில் மிதி நேர் மேலே நிற்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் நகராது அல்லவா? பின்னாலிருந்து ஒருவர் கொஞ்சம் தள்ளிவிட்டால் போதும், அப்புறம் நாமே மிதித்துக்கொண்டு போவோம். அந்த மாதிரிதான்.

மோட்டாருக்குள் அப்படித் தள்ளிவிடுவதற்கென்றே இரண்டாவது காயில் ஒன்று சுற்றியிருப்பார்கள். அதைத் தொடக்கக் காயில் என்று வைத்துக்கொள்வோம். பல மோட்டார்களில் அதோடு ஒரு கப்பாசிட்டரும் இருக்கும். மோட்டாரின் முதுகில் திமில் மாதிரி உட்கார்ந்திருக்கும். மோட்டார் கிளம்பி முழு வேகத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கை எட்டியதும் தொடக்கக் காயிலுக்கு வேலை முடிந்தது. சைக்கிளைத் தள்ளியவர் கையை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் காயில் சூடேறி எரிந்துவிடும். அது சில விநாடிக்கு மட்டும் தாங்குகிற மாதிரிதான் செய்யப்பட்டிருக்கிறது.

அந்தக் கையை எடுத்துவிடுவதுதான் தொடக்க சுவிட்சு. திருவிழாவில் சங்கிலி ராட்டினம் பார்த்திருப்பீர்கள். வேகம் ஏற ஏற நாற்காலிகள் வெளியே விரிந்து பறக்கும். நிற்கும்போது உள்ளே இறங்கும். மோட்டாரின் ஷாப்டிலும் இரண்டு சின்ன இரும்புக் கட்டிகள் ஸ்பிரிங்கில் மாட்டியிருக்கும். நிற்கும்போது ஸ்பிரிங் ஒரு வளையத்தைத் தள்ளி, மூடியில் உள்ள இரண்டு பாயிண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும். வேகம் ஏறியதும் கட்டிகள் விரிந்து வளையத்தைப் பின்னுக்கு இழுக்கும், பாயிண்ட் பிரியும். அதுதான் முதல் 'டக்'. நிற்கப் போகும்போது பாயிண்ட் மறுபடியும் சேர்வது இரண்டாவது 'டக்'.

அந்தப் பாயிண்டில் எறும்போ தூசியோ கரியோ அடைத்துக்கொண்டால் தொடக்கக் காயிலுக்குக் கரண்டு போகாது. அப்போது மோட்டார் உறுமும். ஆனால் அடைப்பு எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு நாள் படும், ஒரு நாள் படாது. எங்கள் வீட்டில் அன்றைக்குப் பட்டுவிட்டது. கை கொடுத்து ஓட்டுகிற மோட்டாரில் உள்ள ஆபத்தே இதுதான்: அது எப்போது தானாகக் கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எந்தக் கோளாறு என்று கண்டுபிடிப்பது

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஷாப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பேரிங் போயிருக்கும், அல்லது பம்பில் ஏதோ சிக்கியிருக்கும். லேசாகச் சுற்றுகிறது, ஆனால் கரண்டு கொடுத்தால் உறுமுகிறது என்றால் தொடக்க சுவிட்சு, கப்பாசிட்டர், தொடக்கக் காயில் இந்த மூன்றில் ஒன்று. பழைய மோட்டாரில் முதலில் பார்க்க வேண்டியது சுவிட்சுதான்.

இன்னொரு விதக் கோளாறும் உண்டு. மோட்டார் கிளம்பும், ஆனால் முழு வேகம் வராமல் கரகரக்கும், சூடேறும், வார்னிஷ் தீய்ந்த வாசனை வரும், 'டக்' சத்தம் கேட்காது. பாயிண்ட் ஒட்டிக்கொண்டுவிட்டது, அல்லது வளையம் துருவில் சிக்கி நகரவில்லை என்று அர்த்தம். உடனே அணைத்துவிடுங்கள். இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று விட்டால் கப்பாசிட்டர் வெடிக்கும், காயில் எரியும்.

உறுமிக்கொண்டு நிற்கிற மோட்டாரையும் அப்படியே விட்டுவைக்கக் கூடாது. ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்டு அப்போது இழுக்கும். மூச்சு விடுகிற நேரத்துக்குள் அணைத்துவிட வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எல்லா மோட்டாரிலும் இந்தச் சுவிட்சு கிடையாது. மேலே சுற்றுகிற காற்றாடியிலும் புதிதாக வருகிற பல சின்ன பம்புகளிலும் கப்பாசிட்டர் எப்போதும் இணைப்பிலேயே இருக்கும். அவற்றில் 'டக்' கேட்கவில்லை என்று திறந்து தேடாதீர்கள்.

திறப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவரில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. தாத்தா செய்த மாதிரி பிளக்கை உங்கள் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். சில மோட்டாரில் சூடேறினால் தானாக நின்று, ஆறியதும் தானாக ஓடுகிற அமைப்பு உண்டு. நின்றுவிட்டது என்று நம்பிக் கை விட்டவர்கள் அடிபட்டிருக்கிறார்கள்.

அடுத்தது கப்பாசிட்டர். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் கரண்டு தங்கியிருக்கும். தொட்டால் தூக்கி அடிக்கும். சிலர் திருப்புளியைக் குறுக்கே வைத்து 'படார்' என்று இறக்குவார்கள். அது தப்பு, தீப்பொறி கண்ணில் படும், கப்பாசிட்டரும் கெடும். 20,000 ஓம், 5 வாட்டு ரெசிஸ்டர் ஒன்றை எலக்ட்ரிக் கடையில் கேட்டு வாங்குங்கள். காப்பு உறை போட்ட இடுக்கியால் பிடித்து இரண்டு முனையிலும் அரை நிமிஷம் வையுங்கள். பிறகு மீட்டரால் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கையால் தொட வேண்டும். மீட்டர் பிடிக்கத் தெரியாதவர்கள் இந்த இடத்திலேயே நின்றுகொள்ளுங்கள். தெரிந்தவரைக் கூப்பிடுவதில் வெட்கம் இல்லை.

திறந்த பிறகு

மூடிக்கும் உடம்புக்கும் குறுக்கே ஒரு கோடு கீறி வையுங்கள். திரும்பப் பொருத்தும்போது அதே இடத்தில் உட்காரும். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. வயர்கள் எந்த நிறம் எங்கே போகிறது என்று நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சு பெரும்பாலும் புல்லி இல்லாத பக்கத்து மூடிக்குள் இருக்கும். நீளப் போல்ட்டுகளைக் கழற்றி, மூடியை மரச் சுத்தியால் சுற்றிலும் மெதுவாகத் தட்டி எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் உள்ளே வயர் அறுந்துவிடும்.

பாயிண்ட் கறுத்திருந்தால் மோட்டார் சைக்கிள் பாயிண்ட் தேய்க்கிற சின்ன அரத்தாலோ மிக நைசான மணல்தாளாலோ லேசாகத் தேயுங்கள். எமரித் துணி வேண்டாம். அதன் பொடி பாயிண்டில் பதிந்து நின்றுவிடும். பாயிண்டின் மேல் வெள்ளிப் பூச்சு இருக்கும்; பளபளப்பு வரட்டும் என்று அதைத் தேய்த்துத் தீர்த்துவிடாதீர்கள். கடைசியில் சுத்தமான காகிதத்தை இரண்டு பாயிண்டுக்கும் நடுவில் வைத்து இழுங்கள். கறுப்பு வராத வரைக்கும் இழுங்கள். எண்ணெயோ கிரீசோ பாயிண்டில் படவே கூடாது.

பிறகு வளையத்தை விரலால் தள்ளிப் பாருங்கள். தள்ளினால் போக வேண்டும், விட்டால் ஸ்பிரிங் அதைப் படக்கென்று திருப்பிக் கொண்டுவர வேண்டும். துரு பிடித்திருந்தால் துடைத்து எடுங்கள். ஸ்பிரிங் ஒன்று அறுந்திருந்தாலோ பாயிண்ட் தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தாலோ புதிது போட வேண்டியதுதான். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். ஷாப்டின் கனமும் மோட்டாரின் வேகமும் ஒத்துவர வேண்டும். வேகமான மோட்டாரின் ஸ்பிரிங்கை வேகம் குறைந்த மோட்டாரில் போட்டால் சுவிட்சு பிரியவே பிரியாது.

முக்கியமான ஒன்று. ஷாப்டில் மெல்லிய வாஷர்கள் இருக்கும். 'இது எதற்கு, மிச்சம்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவற்றில் ஒன்று குறைந்தாலும் ஷாப்டு தள்ளி உட்காரும். வளையம் பாயிண்டை எட்டாது. மோட்டார் பழையபடி உறுமும். பேரிங் மாற்றிய பிறகு கெட்டுப்போன மோட்டார்கள் பலவற்றுக்குக் காரணம் இந்த வாஷர்தான். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். பச்சை மஞ்சள் எர்த் வயரை அதன் இடத்தில் மாட்டுங்கள். ஷாப்டு கையால் லேசாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். பெல்ட்டை மாட்டாமல் முதலில் வெறுமனே ஓட்டி, இரண்டு 'டக்'கும் கேட்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

எது நம் வேலை, எது இல்லை?

மேலே சொன்னது நம் சொந்தக் கிரைண்டர், பிளக்கைப் பிடுங்கி மேசையில் வைக்கக்கூடிய சின்ன மோட்டார், இவற்றுக்குத்தான். வீட்டு வயரிங்கில் கை வைப்பது லைசென்ஸ் உள்ள வயர்மேனின் வேலை. நிர்வாகத்தின் பம்பு, ஆலை மோட்டார் இவற்றைப் பழுது பார்ப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. 'நீ கொஞ்சம் இழுத்துவிட்டு ஓட்டு' என்று மண்டோர் சொன்னால், "இது ஆபத்து, சரி செய்து கொடுங்கள்" என்று மேலே உள்ளவரிடம் சொல்லுங்கள். எழுத்தில் கொடுத்தால் இன்னும் நல்லது. 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிற திருத்தத்தின்படி, 1994ஆம் வருஷத்து வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் உங்களுக்கு ஓர் உரிமை கொடுக்கிறது: உடனடி ஆபத்து இருக்கிறது என்று முதலாளிக்குத் தெரிவித்தும் அவர் சரி செய்யவில்லை என்றால், நீங்கள் அந்த ஆபத்தை விட்டு விலகிக்கொள்ளலாம்.

வேலையில் அடிபட்டால் 'சின்னக் காயம்தானே' என்று துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அன்றைக்கே சொல்லுங்கள். தகவல் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அதைப் பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும். பார்த்த சாட்சியின் பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெல்ட்டுக்கு மூடி போடுங்கள். சொந்த மோட்டாராக இருந்தாலும் போடுங்கள். பழைய தகரமோ பலகையோ எதுவாக இருந்தாலும் சரி, பிள்ளையின் கை உள்ளே நுழையக் கூடாது.

பேராக்கில் அந்தக் கோயில் பம்பை மறுநாள் வயர்மேன் வந்து திறந்தார். உள்ளே காய்ந்த பல்லி ஒன்று பாயிண்டுக்கு நடுவில் கிடந்ததாம். எடுத்துப் போட்டுச் சுத்தம் செய்ததும் பம்பு தானாகக் கிளம்புகிறது என்று அந்தப் பையன் எனக்குப் போன் செய்து சொன்னான். "பெல்ட்டுக்கு மூடி?" என்று கேட்டேன். "தகரம் வெட்டிட்டோம்ணே, நாளைக்குப் போட்டுடுவோம்" என்றான். "நாளைக்கு வேண்டாம், இன்னைக்கே போடு" என்றேன்.

தாத்தா சரி செய்து கொடுத்த மோட்டார் அதற்குப் பிறகு பல வருஷம் எங்கள் வீட்டில் ஓடியது. அம்மாதான் அரைத்தார். ஆனால் சுவர் சுவிட்சின் பக்கம் என்னை விடவே இல்லை. கோபத்தினால் இல்லை. நான் அங்கே நின்றால் என் கை நடுங்குவதை அவர் பார்த்திருந்தார்.

உங்கள் வீட்டிலோ கோயிலிலோ கடையிலோ கை கொடுத்து ஓட்டுகிற மோட்டார் ஒன்று இருந்தால், இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் போய் அதன் பிளக்கைப் பிடுங்குங்கள். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.